மூன்றாம் தடவைக்குப் பிறகு

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் நயினாதீவுக்குப் போவேன். யாழ்ப்பாணத்தில் ஏறும் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று ஓடிக் குறிகட்டுவானில் போய் நிற்கும். அங்கிருந்து படகு. இறங்குதுறையில் காத்திருக்கும்போது தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "பிள்ளை பயோ தானே? அப்ப டொக்டரா வாறது தானே?" உம்மாவின் வயதுள்ளவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்பு இதே கேள்வியை என் ராத்தாவிடம் கேட்டார்கள். இப்போது அவரிடம் ஒருவரும் எதையும் கேட்பதில்லை. மூன்று தடவை உயர்தரப் பரீட்சை எழுதினார். மூன்று தடவையும் இஸட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை. நான்காம் தடவை என்பது சட்டத்திலேயே இல்லை. ஆனால் மூன்றாம் தடவையின் புள்ளிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் செய்தி ஏறக்குறைய ஒரு மரணச் செய்தி போலத்தான் வந்து சேர்ந்தது. "டொக்டர் இல்லையெண்டா பிறகென்ன படிப்பு? இன்னும் நாலு வருசமா?" என்றார் உம்மா. புத்தளத்திலிருந்து சாச்சி தொலைபேசியில் ஒரு சம்பந்தம் பற்றிப் பேசினார். ராத்தா ஒன்றும் சொல்லாமல் கலியாணச் சட்டைக்கு மணி கோர்த்துக்கொண்டிருந்தார். சட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு வரும் வேலை அது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் உயிரியல் பாடத்தில் புரதத் தொகுப்பு என்று ஓர் அலகு இருக்கிறது. கலத்துக்குள் இருக்கும் இறைபோசோம் என்ற நுண்ணிய பொறி, தூது ஆர்.என்.ஏ.யில் உள்ள செய்தியை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரச் செய்து, வரிசையாகக் கோர்த்துப் புரதம் ஆக்குகிறது. மணி கோர்ப்பது போலத்தான். ராத்தா நிமிடத்துக்கு எத்தனை மணி கோர்ப்பார் என்று தெரியாது. ஒரு பற்றீரியாவின் இறைபோசோம் ஒரு செக்கனில் ஏறக்குறைய பதினைந்து, இருபது அமினோ அமிலங்களைக் கோர்த்துவிடும். நாங்கள் இந்த அலகை மூன்று கட்டமாகப் பாடமாக்கி, கட்டுரை வினாவுக்கு எழுதி, புள்ளி வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். புத்தகத்தில் அந்த இறைபோசோம் இரண்டு உருண்டைகளாக, ஒரு பெரியதும் ஒரு சிறியதுமாக இருக்கும். அந்த உருண்டைகளுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எத்தனை பேருடைய ஆயுள் போயிருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை, ராத்தாவுக்கு இடம் கிடைத்த அந்த வாரம் வரை.

வெங்கி ராமகிருஷ்ணனின் பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952 இல் சிதம்பரத்தில் பிறந்தவர். 2009 இல் இறைபோசோமின் அமைப்புக்காக இரசாயனவியல் நோபல் பரிசை தோமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். அப்போது எனக்கு ஒரு வயது. 'நோபல் வென்ற தமிழன்' என்ற வகைத் தலைப்புகள் இன்றைக்கும் எங்கள் பொது அறிவுப் போட்டிகளில் உலவுகின்றன. எனக்கு அந்தத் தலைப்பில் அவ்வளவு விருப்பமில்லை. மூன்று வயதிலேயே அவருடைய குடும்பம் குஜராத்தின் பரோடாவுக்குப் போய்விட்டது. பரிசு கிடைத்த பிறகு இந்தியாவிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எழுதிய மின்னஞ்சல்கள் குவிந்ததைப் பற்றி அவரே சலித்துக்கொண்டார். ஒருவர் எந்த நாட்டில் பிறக்கிறார் என்பது தற்செயல் என்றும் சொன்னார். அதில் எங்களுக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பார்க்கவேண்டியது அவருடைய ஊரை அல்ல, அவர் போன வழியை.

அந்த வழி நேரானதே அல்ல. இந்தியாவின் ஐ.ஐ.டி.யில் சேர முயன்றார், கிடைக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் கிடைக்கவில்லை. பரோடாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, விஞ்ஞானப் புலமைப்பரிசில் ஒன்று கைக்கு வந்ததும் மருத்துவத்தை விட்டுவிட்டுப் பௌதிகவியலுக்குப் போனார். (இதை எங்கள் இறங்குதுறையில் சொன்னால் நம்பமாட்டார்கள்.) 1971 இல் பட்டம். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976 இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம். அதோடு நின்றிருந்தால் ஒரு மரியாதையான பேராசிரியராகி இருப்பார். ஆனால் அந்தத் துறையில் தனக்கு ஆர்வம் இல்லை என்று உணர்ந்து, கலாநிதிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மறுபடி மாணவனாகச் சேர்ந்து உயிரியல் படிக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்திநான்கு வயது.

அங்கே இருக்கும்போது ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் இறைபோசோம் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்து, அந்த ஆய்வு நடந்த யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பயிற்சி முடிந்து வேலை தேடியபோது ஐம்பது அளவான பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் விரிவுரையாளர் பதவி கிடைக்கவில்லை. பிறகு ஆய்வுகூட வேலைகள். புரூக்ஹேவனில் மட்டும் பன்னிரண்டு வருடம். தான் செய்துவந்த முறையால் இறைபோசோமின் அணுக்களைப் பார்க்கமுடியாது என்று தெரிந்ததும், நாற்பதை எட்டும் வயதில் ஒரு வருட விடுப்பு எடுத்துக் கேம்பிரிட்ஜுக்குப் போய் எக்ஸ் கதிர்ப் பளிங்கு முறையை ஒரு புது மாணவனைப் போலக் கற்றுக்கொண்டார். 1999 இல் கேம்பிரிட்ஜுக்கே இடம் மாறினார். 2000 ஆம் ஆண்டு, கொதிநீர் ஊற்றில் வாழும் ஒரு பற்றீரியாவின் சிறிய உருண்டையில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று அவருடைய குழு வெளியிட்டது. எங்கள் புத்தகத்தின் அந்தச் சின்ன உருண்டைதான்.

அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: 2024 டிசெம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, வயலில் இறங்குபவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரை டொக்சிசைக்கிளின். அது பற்றீரியாவின் இறைபோசோமின் சிறிய உருண்டையில், அடுத்த அமினோ அமிலம் வந்து இறங்கவேண்டிய இடத்தை மறித்துக்கொண்டு நிற்கும். மணி வந்து சேராது, கோர்வை நின்றுவிடும். எங்கள் கலத்தின் இறைபோசோம் வேறு அமைப்புள்ளது என்பதால் நாங்கள் தப்பித்துக்கொள்கிறோம். அந்த வகை மருந்துகள் எந்த இடத்தில் போய் ஒட்டுகின்றன என்று கண்ணால் காட்டியவர்கள் இவர்கள்தான். அவர்களில் ஒருவர்கூட நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்தவர் அல்லர்.

அடா யோனாத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் தோழி ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். அவர் இஸ்ரேலியர். பலஸ்தீனத்துக்காகத் துஆக் கேட்கும் வீட்டுப் பிள்ளை நான், எனக்கும் தயக்கம் இருந்தது. பரிசு கிடைத்த அந்த நாட்களிலேயே பலஸ்தீனக் கைதிகளை விடுவிக்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, தன் நாட்டாரிடமே ஏச்சு வாங்கியவர் அவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தோழியிடமும் சொன்னேன். ஏழை வீட்டுப் பிள்ளை. பதினொரு வயதில் தகப்பனை இழந்தவர். சைக்கிள் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது, குளிர்காலத்தில் உறங்கும் துருவக் கரடியின் கலங்களில் இறைபோசோம்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன என்று வாசித்தார். அப்படியானால் அதைப் பளிங்காக்க முடியும் என்று நினைத்தார். முடியாத காரியம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். 1980 இல் முதல் பளிங்கு வந்தது. முழு அமைப்பு தெரிய மேலும் இருபது வருடம் எடுத்தது. அவர் பயன்படுத்திய நுண்ணுயிர்களில் ஒன்று சாக்கடலின் உப்பில் வாழ்வது. உவர்க் கிணற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஏனோ பிடித்துப்போனது.

இந்தக் கதைகளை வைத்து "தோற்றாலும் நோபல் எடுக்கலாம்" என்று ராத்தாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது நேர்மையாக இராது. வெங்கியின் தகப்பனும் தாயும் பரோடாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். தாய் ராஜலட்சுமி, மகன் சிறுவனாக இருந்த 1959 இல், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதையும் பதினெட்டு மாதத்தில் முடித்தவர். அப்படியொரு வீட்டில் பிள்ளை பாதை மாறினால் "சரி, போய்ப் பார்" என்பார்கள். எங்கள் வீட்டில் வாப்பா சாதாரண தரம் வரை. நுணுக்குக்காட்டியை நான் முதல் தடவை தொட்டது உயர்தரத்துக்கு வந்த பிறகுதான். உயிரியல் படிக்கவே கடல் கடந்து, கிழமைநாட்களில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவேண்டியிருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் இன்னும் நீளம்.

ஆனால் வசதி இல்லாததற்கு மேலாக ஒரு பூட்டை நாங்களே போட்டுக்கொள்கிறோம். எங்கள் நானா ஒரு பாடநெறி தொடங்கி விட்டார், இன்னொன்று தொடங்கி விட்டார், இப்போது மூன்றாவதில் இருக்கிறார். அவருடைய வருடங்களை வீட்டில் ஒருவரும் எண்ணவில்லை. ராத்தாவின் வருடங்களை மட்டும் எல்லோரும் விரல் விட்டு எண்ணுகிறார்கள். மருத்துவம் என்றால் எண்ணாமல் விடுவோம், டொக்டர் மாப்பிள்ளையும் தேடிவருவார் என்ற கணக்கு. அதற்குக் கீழே எதுவானாலும் வீண். படிப்பின் மேல் இருக்கும் மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒரேயொரு தொழிலின் மேல் இருக்கும் மரியாதை.

உயிரியல் விஞ்ஞானம் மிச்சப் புள்ளிக்குக் கிடைத்த மிச்சப் படிப்பு அல்ல. இறைபோசோமைத் திறந்து பார்ப்பவர்கள் வருவது அந்த வகைப் படிப்புகளிலிருந்துதான். கொழும்பில் மூலக்கூற்று உயிரியல் என்ற பெயரோடேயே ஒரு கற்கைநெறி இருக்கிறது. எங்கள் வகுப்பில் பட்டியல் போட்டுப் பார்த்தோம், அதை முதல் தெரிவாக எழுத ஒருத்தியும் இல்லை. நானும்தான். ராத்தாவின் கதை நடக்காவிட்டால் இந்தக் கட்டுரையும் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை வாப்பா என்னைக் கூட்டிப்போகக் குறிகட்டுவானுக்கு வந்திருந்தார். நான் வீட்டில் சொன்னதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல இருந்தவர், படகில் ஏறியதும் கேட்டார்: "மகள், அந்தச் சிதம்பரத்து ஆள் மறுபடி படிக்கப் போகக்க எத்தின வயசு?"

"இருபத்திநாலு வாப்பா."

ராத்தாவுக்கு இருபத்திரண்டு. வாப்பா அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. கரை வந்ததும் இறங்கும்போது, பதிவுக்கு எத்தனை போட்டோ வேண்டும் என்று மட்டும் கேட்டார்.