‘ஜிபே பண்ணிடவா அண்ணே?’: கடைக்காரரின் கணக்கு நோட்டு இப்போது யார் கையில்?

டீ குடிச்சு முடிச்சதும் நாம கேட்கிற கேள்வி இப்போ ஒண்ணுதான்: “ஜிபே பண்ணிடவா அண்ணே?” நம்ம போனில் இருப்பது போன்பேவா, பேடிஎம்மா என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தமிழ்நாட்டில் யுபிஐக்கே ஜிபே என்றுதான் பெயர். ஸ்டிக்கரை ஸ்கேன் பண்றோம், கல்லா பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் தொகையைச் சத்தமாகச் சொல்கிறது, கிளம்பிடறோம்.

நமக்கு விஷயம் அதோட முடிஞ்சது. கடைக்காரருக்கு முடியவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடமிருந்து, எவ்வளவு என்று அந்த 15 ரூபாய்க்கும் ஒரு பதிவு உருவாகிவிட்டது. முன்பெல்லாம் கடையின் கணக்கு நோட்டு கல்லாவுக்குள் இருக்கும். அதை அண்ணாச்சி மட்டும்தான் படிக்க முடியும். இப்போது அந்த நோட்டு அவர் கடையில் இல்லை. அவரைத் தவிர நிறைய பேர் அதைப் படிக்கிறார்கள். அதனால் அவருக்கு நல்லதும் நடக்கிறது, சில நேரம் கடையையே முடக்கும் அளவுக்குக் கெட்டதும் நடக்கிறது.

இவ்வளவு வேகமாக எப்படி வந்தது?

தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் (என்பிசிஐ) யுபிஐயை அறிமுகப்படுத்தியது 2016 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் காசு இல்லாத அந்த மாதங்களில்தான் பலரும் முதல் முறையாக போனில் பணம் அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு கொரோனா வந்தது. நோட்டைத் தொடவே பயந்தோம்.

இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2020 ஜனவரி 1 முதல், யுபிஐயில் பணம் வாங்கும் வியாபாரியிடம் பரிவர்த்தனைக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. கார்டு மெஷினுக்குக் கமிஷன் கொடுக்க யோசித்த பெட்டிக்கடைக்காரர்கூட ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டார். 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின.

சரி, இலவசம் என்றால் கம்பெனிகளுக்கு என்ன லாபம்? அரசு கொஞ்சம் ஊக்கத்தொகை தருகிறது. 2024-25க்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. மற்றபடி ஸ்பீக்கருக்கு மாத வாடகை, இன்சூரன்ஸ், விளம்பரம், கடன் என்று வருமானம் வேறு வழிகளில் வருகிறது. அதிலும் கடன் வியாபாரத்துக்கு அடிப்படையே, கடையில் தினமும் எவ்வளவு பணம் புரள்கிறது என்ற தகவல்தான்.

பெங்களூருவில் என்ன நடந்தது?

2025 ஜூலையில் பெங்களூரு உட்பட கர்நாடகத்தின் பல ஊர்களில் பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைக்காரர்களுக்கு வணிக வரித் துறையிலிருந்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. ஆதாரம், யுபிஐ மூலம் அவர்கள் கணக்கில் 2021-22 முதல் வந்து விழுந்த தொகை. சில நாட்களிலேயே ‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’ என்று எழுதிய தாள்கள் கடைகளில் தொங்க ஆரம்பித்தன. டிஜிட்டல் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊரிலேயே இப்படி.

சட்டப்படி பார்த்தால், பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயையும், சேவை தருபவருடையது 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கேட்க பெரிய தொகை மாதிரி இருக்கும். நாள் கணக்கில் பார்த்தால் 40 லட்சம் என்பது தினம் சுமார் 11,000 ரூபாய். 20 லட்சம் என்பது சுமார் 5,500 ரூபாய். இது விற்பனைத் தொகை, லாபம் இல்லை. கொஞ்சம் ஓடுகிற கடை எதுவும் இந்தக் கோட்டைச் சாதாரணமாகத் தொட்டுவிடும்.

வியாபாரிகளின் வாதம் இதுதான்: கணக்கில் வந்த எல்லாமே விற்பனை இல்லை. தங்கை திருப்பிக் கொடுத்த கைமாத்து, சீட்டுப் பணம், பக்கத்துக் கடைக்காரர் சில்லறை வாங்கிக்கொண்டு அனுப்பியது எல்லாம் அதே ஸ்டிக்கர் வழியாகத்தான் வருகிறது. காய்கறி, பால் போன்றவற்றுக்கு வரியே கிடையாது. அதை மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆனால், கணக்கில் விழுகிற எண்ணுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எதிர்ப்பு வலுத்ததும், ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொள்ளும் சிறு வியாபாரிகளிடம் பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார்.

200 ரூபாய்க்காக முடங்கும் கணக்கு

ஆன்லைன் மோசடியில் பணம் இழந்தவர் 1930 எண்ணுக்கு அழைக்கிறார். பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று போலீஸ் தடம் பிடிக்கிறது. அவசியமான வேலைதான். ஆனால், அந்தச் சங்கிலியில் உள்ள யாரோ ஒருவர் வழியில் ஒரு கடையில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டிருந்தால், கடைக்காரரின் கணக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடுகிறது. வேறு மாநில போலீஸின் கோரிக்கையில் வங்கி கணக்கை முடக்கிவிடும். காலையில் சரக்கு எடுக்கப் போகும்போதுதான் விஷயமே அவருக்குத் தெரியும். எந்த ஊர் ஸ்டேஷன், எந்த மொழியில் பேசுவது, யாரைக் கேட்பது?

கேரள உயர் நீதிமன்றம் 2023இல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்றது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சொன்னது. ஆனால், நீதிமன்றம் வரை போகும் வசதி எத்தனை டீக்கடைக்காரருக்கு இருக்கும்?

அப்போ நன்மையே இல்லையா?

நிச்சயமா இருக்கு. சில்லறைத் தகராறு குறைந்திருக்கிறது, கள்ள நோட்டு பயம் இல்லை. இதைவிடப் பெரிய மாற்றம் கடனில். சொத்துப் பத்திரமோ சம்பள ரசீதோ காட்ட முடியாத பூக்கடைக்காரம்மாவுக்கு வழக்கமாகக் கிடைத்தது தண்டல் பணமும் மீட்டர் வட்டியும்தான். இன்று அவருடைய க்யூஆர் வரவே வருமானச் சான்று மாதிரி. அதைப் பார்த்து செயலி வழியாகக் கடன் வருகிறது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டும். தண்டல்காரரிடம் “நாளைக்கு வாங்கண்ணா, இன்னிக்கு மழை, வியாபாரமே இல்ல” என்று சொல்லிப் பார்க்கலாம். தானாகப் பிடிக்கும் மென்பொருளிடம் அதைச் சொல்ல முடியாது.

யுபிஐ பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகளில் நடக்கிறது. எந்த நிறுவனமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என்பிசிஐ 2020இல் விதி போட்டது. அதன் கெடு 2026 டிசம்பர் வரை தள்ளிப்போனது. 2025 மார்ச் 26ஆம் தேதியும் ஏப்ரல் 12ஆம் தேதியும் யுபிஐ முடங்கியபோது, பர்ஸே எடுக்காமல் வந்த வாடிக்கையாளரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

வரி ஏய்ப்பை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், “டிஜிட்டலுக்கு வாங்க” என்று கூப்பிட்ட அரசு, வந்தவரை முதலில் நோட்டீஸோடு சந்திப்பது நியாயமில்லை. வணிக வரித் துறை வரம்பைத் தொடும் கடைக்காரருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்கும் வியாபாரி 1 சதவீதம் மட்டும் கட்டும் இணக்க வரித் திட்டத்தைத் தமிழில் புரிய வைக்கட்டும். போலீஸும் வங்கியும் சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தட்டும், காரணத்தை அன்றே குறுஞ்செய்தியில் சொல்லட்டும்.

கடைக்காரர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பணத்தை அதில் கலக்காதீர்கள். வரி இல்லாத பொருட்களின் கொள்முதல் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். சரக்கு எடுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது வேறு கணக்கிலோ கையிலோ இருக்கட்டும்.

ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுவது தீர்வு இல்லை. கிழித்தால் கடன் கிடைக்கும் வழியும் சேர்ந்தே போகும். கணக்கு நோட்டு கல்லாவை விட்டு வெளியே போய்விட்டது, இனி திரும்பாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், தப்பாக இருந்தால் “இது விற்பனை இல்லைங்க” என்று சொல்லவும் அண்ணாச்சிக்கு ஒரு வழி இருந்தாக வேண்டும்.