சித்தப்பாவின் கோப்புகளை ஏன் வாசிக்க ஏலாமல் போச்சு?



2025 மே 10 அன்று பிறம்ரன் சிங்குவாகூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவகம் திறக்கப்பட்டது. பதினாறு வருஷத்துக்கு முதல், 2009இல், அதே மே 10இல்தான் எங்கட சனம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. அதற்கு முதல் யூனிவேர்சிற்றி அவெனியூவில், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால், குளிருக்குள் நின்றது மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது.

நினைவகத்துக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. அந்த நாட்களில் எங்கட ஆக்கள் என்ன எழுதினார்கள், என்ன கேட்டார்கள் என்று அவர்களின் சொல்லிலேயே வாசிக்கவேணும். அப்போது துண்டுப்பிரசுரங்களைத் தட்டச்சுச் செய்து குடுத்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவருடைய வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடந்தது. கொண்டுவந்து என் மடிக்கணினியில் போட்டேன். இருநூறுக்கு மேல் கோப்புகள். எல்லாம் திறந்தன. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக அப்படித்தான்.

சித்தப்பாவுக்குப் போன் அடித்தேன். “அது பாமினி, பிள்ளை. பொன்ற்றைப் போட்டால் வரும்” என்றார்.

வந்தது, ஆனால் எல்லாம் இல்லை. முப்பது கோப்புகளுக்கு மேல் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவை பாமினி இல்லை. வேறு ஏதோ பொன்ற். அது எது என்று சித்தப்பாவுக்கும் ஞாபகம் இல்லை. எங்கட அரசியலில் ‘திறந்த நியமம்’ என்ற அலுப்பான சொல்லுக்கு இடம் வேணும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த முப்பது கோப்புகள்தான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். கணினிக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம்தான் தெரியும். எந்த இலக்கம் எந்த எழுத்து என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் நான் எழுதியதை நீங்கள் வாசிக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அப்படி ஒத்துக்கொண்டவை அல்ல. ஆங்கில ‘ஜே’க்குரிய இலக்கத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, திரையில் மட்டும் ‘த’ என்ற படத்தைக் காட்டின. கணினியின் கணக்கில் சித்தப்பா தமிழே எழுதவில்லை, அர்த்தமில்லாத ஆங்கிலம்தான் எழுதியிருக்கிறார். தேடுபொறிக்கு அது தமிழாகத் தெரியாது. கண் தெரியாத ஒரு தோழர் திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டால் அது ஜே, கே, பி என்று உளறும். ஒவ்வொரு பொன்ற்றும் தன்பாட்டுக்கு ஒரு அடுக்கு வைத்திருந்தபடியால், பொன்ற் தொலைந்தால் எழுத்தும் தொலைந்தது.

அந்தக் காலத்தில் வேறு வழி இல்லாமல்தான் இதைச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் வேறு வழியை உருவாக்கப் பாடுபட்டவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். 1990களின் கடைசியில் சிங்கப்பூர், மலேசியா, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா, வட அமெரிக்கா, தமிழ்நாடு, இலங்கை என்று சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்று வேறு இரண்டைப் பரிந்துரைத்தது. சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சுச் செய்தார்கள். குறியீடு மாறமாற அந்த நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் அடித்தளத்தைப் போட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, அப்போது வளைகுடாவில் வேலை செய்த இ. மயூரநாதன். 2005இல் நூலகம் திட்டம் வந்தது. இன்றைக்கு ஈழத்து நூல் ஒன்றைத் தேடி நாங்கள் முதலில் போகும் இடம் அது. தமிழரின் உழைப்பு வரலாறு என்று பேசும்போது இந்த உழைப்பையும் நாங்கள் சேர்க்கவேணும்.

கடைசியில் வென்றது ஒருங்குறி. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் அந்த வரைபடத்தைத் தமிழர்கள் கூடிப்பேசிப் போடவில்லை. இந்திய அரசு 1988இல் இந்திய மொழிகளுக்கென்று வெளியிட்ட ‘இஸ்கி’ குறியீட்டின் அச்சில் அது வார்க்கப்பட்டது. அதனால்தான் ‘மி’ என்ற ஒரு எழுத்தை அது ‘ம’, பிறகு இகரக் குறி என்று இரண்டாக வைக்கிறது. எங்கட கண்ணுக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து, ஒருங்குறிக்கு ஐந்து. இது பிழை என்று பலர் வருஷக்கணக்காக வாதாடினார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் குடுக்கும் ‘டேஸ்16’ஐ முன்வைத்தார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தன் நியமங்களாக அறிவித்தது. உலகம் ஒருங்குறியோடுதான் போனது.

ஆகவே தோழர்களே, திறந்த நியமம் என்றால் நீதியான நியமம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருங்குறி அமைப்பில் வாக்குப் போடும் உறுப்பினர்களைப் பாருங்கோ: அப்பிள், கூகுள், மைக்ரோசொவ்ற், மெற்றா. உலகம் முழுக்கச் சாமான் விற்க அவர்களுக்கு ஒரே குறியீடு தேவைப்பட்டது. கைத்தொலைபேசியின் குறுஞ்செய்தியும் ஒரு பொது நியமம்தான். அதில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து. ஒரேயொரு தமிழ் எழுத்துச் சேர்ந்தாலும் செய்தி 70ஆகச் சுருங்கும். ‘தமிழ்’ என்ற சொல்லே அதில் ஐந்து இடத்தைத் தின்னும். செய்திக்கு இவ்வளவு என்று காசு கட்டும் ஒரு அம்மம்மா தன் மொழியில் எழுதினால், அதே விஷயத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் கட்டவேணும். மேசையில் யார் இருந்தார்கள் என்பது நியமத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியிருந்தும் நான் திறந்த நியமத்தின் பக்கம் நிற்கிறேன். அதன் விதி பகிரங்கமாக இருக்கிறது. எவரும் வாசிக்கலாம், எவரும் அதை வைத்து மென்பொருள் எழுதலாம், மாற்றம் வேணும் என்று எவரும் முன்மொழிவு அனுப்பலாம். பழைய தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் ஒருங்குறிக்குள் வந்தது அப்படித்தான். ஒருதரம் சேர்த்த எழுத்தை நீக்கமாட்டோம் என்பதும் அவர்களின் எழுதிவைத்த விதி. இன்றைக்கு நான் ஒருங்குறியில் எழுதும் பிரசுரத்தை வாசிக்க என் பிள்ளைகள் என்ர பேஸ்மென்ற்றில் பொன்ற் தேடத் தேவையில்லை. 1981இல் யாழ் நூலகத்தை எரித்தவர்களை நாங்கள் வருஷாவருஷம் நினைவுகூருகிறோம். ஆனால் சித்தப்பாவின் கோப்புகளை எவரும் எரிக்கவில்லை. அவை பத்திரமாக இருக்கும்போதே இல்லாமல் போயின.

இனி எங்களிடம் வருவோம். பாமினி எங்கட அப்பா அம்மாவின் தலைமுறையின் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். நாங்களும் அதையேதான் செய்கிறோம், இன்னும் வடிவாகச் செய்கிறோம். எங்கட கூட்ட முடிவுகள் வட்ஸப்பில். எங்கட அறிக்கைகள் இன்ஸ்ரகிராமில் படமாக, அதாவது சொல்லைத் தேடவோ பிரதி எடுக்கவோ திரைவாசிப்பானுக்குக் குடுக்கவோ ஏலாத வடிவத்தில். ஸ்ரோறி 24 மணித்தியாலத்தில் போய்விடும். ‘ஆவணப்படுத்தல்’ என்று மூன்று மணித்தியாலம் கருத்தரங்கு வைத்துவிட்டு, அந்தக் கருத்தரங்கின் குறிப்பை நாங்கள் எங்கே வைத்தோம்?

வீட்டுக்காரன் கதவைப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதையும் கனடாவில் பார்த்துவிட்டோம். 2023 ஓகஸ்ட்டில், செய்தி நிறுவனங்களுக்குக் காசு குடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து, மெற்றா பேஸ்புக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் கனடாவில் செய்திகளையே நிறுத்தியது. அதே மாதம் யெலோநைவில் காட்டுத்தீயால் ஊரே வெளியேறிக்கொண்டிருந்தது. செய்தி இணைப்பைப் பகிர ஏலாது. அந்தச் சட்டம் சரியா பிழையா என்பது வேறு கதை. ஒரு கம்பனியின் ஒரு முடிவில் ஒரு நாட்டுக்குள் செய்தி பகிரும் வழி அடைபட்டது.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்த வழியைப் பாருங்கோ. மின்னஞ்சல் அனுப்பும் நியமம் 1982இல் எழுதப்பட்டது. நீங்கள் எந்தக் கம்பனியின் பெட்டியில் வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை. உங்கட பெட்டியை நாளைக்கு மாற்றினாலும் கடிதம் வரும். பெல் போனில் இருந்து ரொஜர்ஸ் போனுக்குப் பேசுவது எங்களுக்குப் புதினம் இல்லை. ஆனால் வட்ஸப்பில் இருந்து சிக்னலுக்கு ஒரு வரி அனுப்ப ஏலாது என்பதை இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது தொழில்நுட்பக் குறை இல்லை, வேலி. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிற்றல் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சில் இருந்து, கேட்டுவரும் மற்றச் செயலிகளுக்கு வட்ஸப் வழிவிடவேணும் என்று வற்புறுத்துகிறது. அப்படி ஒரு சட்டம் கனடாவில் இல்லை. வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போராடும் நாங்கள் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம்.

இரண்டு கேள்வி வரும், எனக்குத் தெரியும். முதலாவது: “அம்மம்மா வட்ஸப்பில்தானே இருக்கிறா, எப்படி விடுவது?” விடவேண்டாம். நானும் விடப்போவதில்லை. வட்ஸப் கதைக்கும் இடமாக இருக்கட்டும், வைக்கும் இடமாக இருக்கக்கூடாது. இரண்டாவது கேள்வி பாரமானது: “எல்லாத்தையும் திறந்து வைத்தால் ஊரில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லையா?” திறந்த நியமம் என்றால் எல்லாருக்கும் காட்டுவது என்று அர்த்தம் இல்லை. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது பகிரங்கம், திறப்பு உங்கட கையில். நல்ல மறையாக்க முறைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. சித்தப்பாவின் கோப்புகளில் பெயர்ப்பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றை நான் எங்கும் ஏற்றமாட்டேன். இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் எத்தனை பேரை அள்ளினார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே எங்கட கூட்டுக்கு இதை முன்மொழிகிறேன். அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.

ஒன்று: எந்த அறிக்கையையும் படமாகப் போடும் முன் ஒருங்குறி எழுத்தாக எங்கட தளத்தில் போடுவோம். படம் அதன் பிரதி மட்டும்தான்.

இரண்டு: கூட்டக் குறிப்புகளை மாதம் ஒருமுறை வெறும் எழுத்துக் கோப்பாகவோ திறந்த ஆவண வடிவத்திலோ இறக்கி, இரண்டு பேர் இரண்டு வீட்டில் வைப்போம்.

மூன்று: வீட்டில் பழைய கோப்பு வைத்திருப்பவர்களை மடிக்கணினியோடு ஒரு சனிக்கிழமை கூட்டுவோம். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. பாமினி விசைப்பலகையில் கைபழகினவர்கள் அந்தப் பழக்கத்தை விடத் தேவையில்லை. இ-கலப்பை போன்ற மென்பொருளில் அதே விசைகளைத் தட்டினால் ஒருங்குறியாக விழும். எதைப் பொதுவில் வைப்பது, எதைப் பூட்டி வைப்பது என்று எழுதினவர்களோடு இருந்து தீர்மானிப்போம்.

நான் மாற்றி எடுத்த முதல் பிரசுரத்தில் முழக்கம் ஒன்றும் இல்லை. பிறம்ரனில் இருந்து பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், பிள்ளைகளுக்கு உடுக்க என்ன கொண்டுவரவேணும், சாப்பாடு யார் பொறுப்பு என்று இருந்தது. சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சோறு கட்டினது உன்ர அம்மாதான்” என்றார். அம்மா இதுவரைக்கும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

மிச்சம் முப்பது கோப்பு இருக்கிறது. பழைய பொன்ற்றுகள் யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமை கொண்டுவாங்கோ.

தோழமையுடன்.