உயிர்ச் சான்று

பென்ஷன்காரனுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள் அன்று. மற்ற நாட்களெல்லாம் ஓய்வாக இருப்பவனை அந்த ஒரு நாளாவது வேலை வாங்கிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, காரமடையில் எங்கள் வீட்டு வாசற்படியில் வைத்து என் கையில் ஒரு ஜாபிதா கொடுக்கப்பட்டது. பாங்கியில் உயிர்ச் சான்று கொடுப்பது, கம்பி ஒடிந்த குடையைச் சரி செய்வது, ராகி அரைத்து வருவது, கறிவேப்பிலை வாங்குவது, திரும்பும்போது ரங்கநாதர் தரிசனம். ஆக, ஐந்து காரியங்கள்.

கறிவேப்பிலை எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகிறது. எங்கள் வீட்டு ரசத்துக்கு மட்டும் ஒரு கொத்து அகப்படுவதில்லை. இது காரமடையின் மர்மங்களில் ஒன்று.

முதலில் பாங்கிக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. 2015 செப்டம்பர் முதல், மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் பாங்கிகளுக்கு விடுமுறை. முதலாவதும் மூன்றாவதும் வேலை நாள். ஐந்தாவது ஒன்று வந்தால் அதுவும் வேலை நாள். இத்தனையும் எனக்குத் தெரியும். அன்று எத்தனையாவது சனிக்கிழமை என்பதுதான் தெரியவில்லை.

அதே கணக்கில் தவறிய இன்னொருவர் படியில் உட்கார்ந்திருந்தார். பார்த்தால், தபால் இலாகாவில் என்னோடு வேலை பார்த்த பழைய சிநேகிதர்! என்னைவிட நான்கு வயது மூத்தவர்; அண்ணா என்றுதான் அழைப்பேன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். ஆனால் மாசி மகத் தேரோட்டத்தன்று கூட்டத்தில் பார்த்ததுதான்.

"ஏனுங்கண்ணா, நீங்களும் உயிரோடிருப்பதை ருசுப்படுத்த வந்தீர்களா?" என்றேன்.

"ஆமாம் தம்பி. உள்ளே விட்டால்தானே ருசுப்படுத்த?" என்று சிரித்தார்.

மத்திய சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாங்கள் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். 2014 முதல் கைரேகை வைத்தே இதை முடித்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஆகவே, இருவரும் கடைவீதியில் யந்திரம் வைத்திருக்கும் ஒரு கடைக்கு நடந்தோம். என் கட்டைவிரலை யந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. அண்ணாவின் விரலை நாலு தரம் நிராகரித்தது. முப்பத்தைந்து வருஷம் தபால் எண்ணித் தேய்ந்த விரல் அல்லவா!

கடைப் பையன் துணியால் துடைத்துப் பார்த்தான். வேறு விரலை வைத்துப் பார்த்தான். பயனில்லை.

"எதற்கண்ணா இந்த அவஸ்தை? இப்போதெல்லாம் சொன்னால் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து கொடுக்கிறாரே!" என்றேன்.

"வீட்டில் உட்கார முடியவில்லை தம்பி" என்றார்.

நான் அதைக் கவனிக்கவில்லை. பேச்சுவாக்கில், "அண்ணி சௌக்கியந்தானே? அவர்களும் ஒரு நாள் இங்கே வர வேண்டியிருக்குமோ?" என்று கேட்டுவைத்தேன்.

அண்ணா என் முகத்தைப் பார்த்தார். "அவளுக்கு இனிமேல் சான்று வேண்டியதில்லை. ஆடி மாதமே போய்விட்டாள்" என்றார்.

கடைப் பையன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். எனக்கு வாய் எழவில்லை.

"குழுவில் போட்டிருந்தேனே, தம்பி பார்க்கவில்லையா?" என்று அவரே மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

பிறகு முகத்தைக் காட்டிச் சான்று பெறும் முறையைப் பையன் முயன்றான். 2021-இல் வந்த ஏற்பாடு அது. கைபேசியின் முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னான். அண்ணா சிமிட்டினார். யந்திரம் திருப்தி அடைந்தது.

கோயிலுக்குச் சேர்ந்தே போனோம். எங்கள் ரங்கநாதர் சந்நிதியில் சடாரிக்குப் பதிலாக ராமபாணத்தைத் தலையில் வைத்து ஆசி கூறுவார்கள். அன்று அது என் தலைக்குக் கொஞ்சம் கனமாகவே இருந்தது.

அண்ணா பிரகாரம் சுற்றப் போயிருந்தபோது கைபேசியை எடுத்துப் பழைய தபால் சிநேகிதர்களின் வாட்ஸப் குழுவைப் பின்னோக்கித் தள்ளினேன். ஆடி மாதத்துச் செய்தி அங்கே இருந்தது, இரண்டே வரி. கீழே பலர் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் கீழே, மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் அனுப்பிய ரோஜாப்பூப் படம்: 'இந்த நாள் இனிய நாளாகட்டும்!'

எங்கள் காலத்தில் துக்கச் செய்தி தபால் கார்டில் வரும். படித்த கையோடு கிழித்துப் போடுவார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, நின்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள் இருவரும். தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இன்று செய்தி அதைவிட வேகமாக வருகிறது என்பது வாஸ்தவம். வந்து சேர்ந்த செய்தியை நான்தான் படிக்கவில்லை.

"ஒரு ஆளுக்கு அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கத் தெரியவில்லை தம்பி, எப்போதும் மிஞ்சிவிடுகிறது" என்றார் அண்ணா, படியிறங்கும்போது. அவரை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்து வந்தேன். குடை ரிப்பேராகவில்லை, ராகி அரைபடவில்லை, கறிவேப்பிலை கிடைக்கவில்லை. என் இல்லத்தரசி அவற்றில் ஒன்றைப் பற்றியும் கேட்கவில்லை. அண்ணா தனியாக உள்ளே வந்ததைப் பார்த்தாள். பேசாமல் இலை போட்டாள்.

இப்போது எங்கள் சனிக்கிழமை ஜாபிதாவில் ஆறு காரியங்கள். புதிதாகச் சேர்ந்தது முதலிடத்தில் இருக்கிறது. இரண்டு தெரு நடந்தால் போதும். நேயர்களே, உங்களுக்கும் இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் ரோஜாப்பூவை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.