களத்தோடு விற்கும் நெல், கடையில் வாங்கும் அரிசி

சித்திரை மாதத்தில் நெமிலி, பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நவரை நெல் அறுவடை நடக்கிறது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. வரப்போரம் தார்ப்பாயில் நெல்லைக் கொட்டுகிறார்கள். சாக்கோடு வியாபாரி காத்திருக்கிறார். மாலைக்குள் எடை போட்டு, லாரி ஏற்றி, பணமும் கைக்கு வந்துவிடுகிறது. ஒரு மணி நெல்லும் வீட்டுக்குள் போகவில்லை.

அதே வீட்டுக்கு ஐப்பசி அடைமழையில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசியும் கால் கிலோ துவரம் பருப்பும் கடனுக்குக் கேட்டு நிற்கிறார். இப்படி நின்ற ஒரு தாயாரிடம், "உங்கள் நிலத்தில் இந்த வருடம் எத்தனை மூட்டை கண்டது?" என்று கேட்டேன். "இருபத்தெட்டு மூட்டை ஐயா" என்றார். இருபத்தெட்டு மூட்டை விளைவித்தவர் ஐந்து கிலோ அரிசிக்குக் கடன் சொல்லும் நிலை ஏன் வந்தது? சிறு விவசாயிகள் இதைப்பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

குற்றம் விவசாயியின் மீது மட்டும் இல்லை. விரிவாக்கப் பணியில் இருக்கும் எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. என்ன ரகம் போடுவது, எவ்வளவு உரமிடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொன்னோம். விளைந்ததில் வீட்டுக்கு எவ்வளவு வைத்துக்கொள்வது, அதைக் கெடாமல் காப்பது எப்படி என்று அந்த அளவுக்குச் சொல்லவில்லை. வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வேலைதானே என்று விட்டுவிட்டோம்.

முன்பு நம் வீடுகளில் குதிர் இருந்தது. மூங்கிலால் பின்னிச் சாணம் மெழுகிய தொம்பை இருந்தது. பருப்புக்கும் பயறுக்கும் அடுக்குப் பானை இருந்தது. இவை போனதற்கு, இடம் இல்லை என்றும் நாகரிகம் மாறிவிட்டது என்றும் பலர் காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் முக்கியமான காரணம் வேறு. வைத்த நெல் கெட்டுப்போயிற்று. இரண்டு வருடம் வைத்துப் பார்த்தார்கள். அந்து பறந்தது, முடை நாற்றம் அடித்தது. மூன்றாவது வருடம் களத்தோடு விற்றுவிட்டார்கள்.

ஏன் கெட்டது? கையால் அறுத்த காலத்தில் அரிதாள் மேல் கிடந்து காய்ந்து, போரில் இருந்து காய்ந்து, களத்தில் அடித்துத் தூற்றும்போது மறுபடியும் காய்ந்துதான் நெல் குதிருக்குள் போயிற்று. இன்று இயந்திரம் பச்சையாகவே அறுக்கிறது. அந்த நெல்லில் ஈரம் பல சமயம் 20 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவிகிதம் ஈரம் வரை ஏற்றுக்கொள்கிறார்கள். உடனே ஆலைக்குப் போகிற நெல்லுக்கு அது சரி. ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டிய நெல்லுக்கு ஈரம் 12 சதவிகிதத்துக்கு மேல் இருக்கலாகாது. 14ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் பெருகும். ஆக, அறுக்கும் முறை மாறியது; காயவைக்கும் முறையை நாம் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவில்லை. குதிரின் மீது பழி விழுந்துவிட்டது.

இதற்கு நம் பகுதியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. சொர்ணவாரி நெல் ஆவணி, புரட்டாசியில் மழையோடு வரும். சம்பா நெல் தை மாதப் பனியில் வரும். நவரை நெல்தான் கோடை வெயிலில் வருகிறது. எனவே, வீட்டுக்கு வைக்கும் நெல்லை நவரைப் பட்டத்தில் எடுத்து வைப்பதே சிறந்தது. கோடை வெயில் காசில்லாத உலர்த்தி.

எவ்வளவு வைப்பது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1.4 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 511 கிலோ ஆகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்குப் பொதுவாக மாதம் 20 கிலோ என்று கொண்டால் அது 240 கிலோ. மீதி 271 கிலோ அரிசி வேண்டும். 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்ற கணக்கில் இதற்குச் சுமார் 417 கிலோ காய்ந்த நெல் தேவை. ஈரமாக அறுத்த 100 கிலோ நெல் நன்றாகக் காய்ந்தால் 91 கிலோதான் நிற்கும். அதையும் சேர்த்து, நல்லது கெட்டதுக்கு வரும் விருந்தாளிகளையும் நினைத்தால், 75 கிலோ மூட்டையில் ஏழு மூட்டை ஒதுக்கினால் போதும். ஒரு ஏக்கரில் 25 மூட்டை கண்டால் பதினெட்டு மூட்டை விற்பனைக்கு நிற்கிறது. வருடத்துக்கு ஏழு மூட்டை கொடுத்து, கடைக்காரரிடம் கடன் சொல்லாத வாழ்வை வாங்கிக்கொள்கிறோம். இது நஷ்டமான வியாபாரமா?

"கையில் கடன் இருக்கிறதே, வட்டி ஓடுகிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் எல்லாவற்றையும் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடனுக்கும் கூலிக்கும் வேண்டியதை விற்றுவிடுங்கள். ஆனால், கடனை அடைக்க விற்ற நெல்லுக்குப் பதிலாக அரிசியைக் கடனுக்கு வாங்கினால் கடன் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. விலை ஏறும் என்று கூடுதலாக நெல் வைக்க விரும்புகிறவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வழியையும் விசாரித்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணமாக வந்தது எந்த வழியிலும் போய்விடும். தானியமாக வீட்டில் இருப்பது அடுப்படிக்குத்தான் போகும். வீட்டுப் பெண்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள்.

"பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், சம்பளம் வருகிறது, வாங்கிக்கொள்ளலாம்" என்பது மற்றொரு வாதம். உண்மைதான். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளை நம்பி இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. பனப்பாக்கம் சிப்காட்டில் 2024இல் கார் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை வரட்டும், வரவேற்போம். ஆனால் 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது என்பதை மறந்துவிடலாகாது. தொழிற்சாலைக் கதவு மூடியது. பல வீடுகளில் சம்பளம் நின்றது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியபோதும் வேலைக்கும் கடைக்கும் போக முடியாத ஊர்கள் இருந்தன. அந்த நாட்களில் வீட்டில் நெல்லும் பருப்பும் இருந்தவர்கள் கலங்காமல் இருந்தார்கள். நிலம் இருந்தும் எல்லாவற்றையும் விற்றுவிட்டவர்கள், நிலம் இல்லாதவர்களோடு ஒரே வரிசையில் நின்றார்கள். சம்பளம் குடும்பத்தை உயர்த்தட்டும். சோற்றுக்கு நிலம் பொறுப்பேற்கட்டும்.

இனி வைக்கும் முறையைச் சொல்கிறேன். நெல்லை அரிசியாக்கி வைக்காதீர்கள், நெல்லாகவே வையுங்கள். உமி அதற்குக் கவசம். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் புழுக்கி அரைத்துக்கொள்ளுங்கள். காயவைக்கும்போது இரண்டு அங்குல கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். மணிக்கொரு முறை கிளறிவிடுங்கள். தார்ச் சாலையில் காயவைப்பது நெல்லுக்கும் கேடு, சாலையில் போகிறவர் உயிருக்கும் கேடு. மூன்று, நான்கு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். மற்றொரு சோதனையும் உண்டு. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லும் இரண்டு கைப்பிடி நன்கு காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உட்புறம் ஒட்டினால் ஈரம் 15 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் அதோடு நிறுத்தாமல் மேலும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். காய்ந்த நெல்லைச் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். உள்ளே வியர்த்துவிடும். மாலையில் ஆறவிட்டுக் கட்டுங்கள்.

தகரக் குதிர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாக்கு மூட்டையே போதும். ஆனால் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல் வையுங்கள். சுவரை ஒட்டி அடுக்காமல் ஒன்றரை அடி இடம் விடுங்கள். பழைய சாக்கை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். பழைய நெல்லோடு புது நெல்லைச் சேர்க்காதீர்கள். நொச்சி, வேப்பிலையைக் காயவைத்து இடையிடையே போடும் வழக்கம் நல்ல வழக்கந்தான். ஆனால் காயாத நெல்லை எந்த இலையும் காப்பாற்றாது.

நம் வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. தோல் பதனிடும் ரசாயனம் வந்த பிளாஸ்டிக் டிரம்மும் சாக்கும் மலிவாகக் கிடைக்கிறதென்று தானியத்துக்கோ குடிநீருக்கோ வாங்கிவிடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுக்கு ஆகாதவை. உர மூட்டை, பூச்சிமருந்து டப்பாவுக்கும் இதுவே விதி. நெல்லுக்குப் பூச்சிமருந்துத் தூள் தூவுவதும், விஷவாயு மாத்திரை வாங்கி மூட்டையில் போடுவதும் கூடவே கூடாது. அந்த மாத்திரையின் வாயு மூடிய வீட்டில் தூங்குகிறவர்களைக் கொல்லும்.

பருப்பு விஷயத்தில் எதிரி வேறு. பயறு வண்டு வயலிலேயே காய் மேல் முட்டையிட்டு, பயறோடு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சுமார் ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். ஆகவே, முற்றிய காயைச் செடியில் நிறுத்தி வைக்காமல் பறித்து நன்றாகக் காயவையுங்கள். உளுந்து, துவரையை முழுதாக வைப்பதைவிட உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டுத் தொல்லை குறையும். முழுதாக வைப்பதானால் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டியதற்கும் அறிவியல் காரணம் உண்டு. மண் பூச்சு முட்டையிடுவதற்குத் தடையாக இருக்கிறது. நெல் வயல் வரப்பில் உளுந்தோ துவரையோ ஊன்றினால் பருப்புச் செலவில் ஒரு பங்காவது குறையும்.

மணிலா விளைவிப்பவர்கள் எண்ணெய்க்கு வேண்டியதைத் தோலோடு வையுங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். சுமார் இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய பருப்பைத் தனியே பொறுக்கி எறியுங்கள். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்டால் பாலிலும் அது இறங்கும், கோழிக்கும் ஆகாது. கேழ்வரகுக்கு இந்தக் கவலை குறைவு. நன்கு காய்ந்த கேழ்வரகைப் பூச்சி எளிதில் அண்டாது. பல வருடம் இருக்கும். மானாவாரித் துண்டு நிலம் இருந்தால் கால் ஏக்கராவது கேழ்வரகு போடுங்கள்.

மாதம் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடனே வெயிலில் கொட்டுங்கள். தானியத்துக்குள் நடமாடும் பூச்சியைப் பிடிக்க, துளையிட்ட குழாய் போன்ற பொறியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. குதிரில் செருகி வைத்தால் பூச்சி பெருகுமுன்பே காட்டிக்கொடுக்கும். இதைப்பற்றி விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

விவசாய நண்பர்களே! எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொண்டு, கடைப்பக்கமே போகாமல் வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உப்பும் சர்க்கரையும் வாங்கத்தான் வேண்டும். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவர் தன் வீட்டுச் சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கலாகாது என்பதே என் கருத்து. வருகிற நவரையில் ஏழு மூட்டை முடியாவிட்டால் மூன்று மூட்டையாவது வையுங்கள். வியாபாரியின் லாரி வருவதற்கு முன்பே அந்த மூட்டைகளைத் தனியே ஒதுக்கி, வீட்டுப் பெண்களின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அடுத்த ஐப்பசி மழையில் அதன் பலன் உங்கள் வீட்டு அடுப்பில் தெரியும்.