மோட்டாரைத் திட்டாதீங்க, பிளேடைப் பாருங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்தா ஒரு சோலார் புல்வெட்டி கண்டிப்பா இருக்கும். ஒரு வருஷம் ப்ளூடூத், அடுத்த வருஷம் ஐஓடி. ரிவ்யூவில் "புல் சரியா வெட்டலையே?" என்று கேட்டால் ரெடியா ஒரு பதில்: "மோட்டார் பவர் பத்தல சார்." என்னைக் கேட்டால், பிரச்சினை பெரும்பாலும் பிளேடில்தான்.

நிற்கிற புல்லைப் பின்னால் யாரும் தாங்கிப் பிடிப்பதில்லை. மெதுவாக இடித்தால் வளைந்துவிடும். அதனால்தான் சுழலும் பிளேடுக்கு அவ்வளவு வேகம் தேவை. உட்கார்ந்து ஓட்டும் மோவரில் 50 செ.மீ. பிளேடு 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால், முனையின் வேகம் நொடிக்குச் சுமார் 78 மீட்டர். ஆனால் முனை மழுங்கியிருந்தால் அது வெட்டாது, கிழிக்கும். டெக்குக்கு அடியில் ஈரப்புல் அப்பினால் காற்றோட்டம் குறையும், சாய்ந்த புல் நிமிராது. இரண்டு முனை உள்ள அந்த பிளேடு நொடிக்கு 100 முறை வெட்டும். நொடிக்கு 2 மீட்டர் ஓட்டினால் ஒரு வெட்டுக்கு 2 செ.மீ.; பாதி வேகத்தில் 1 செ.மீ. ஆக, சாணை பிடி, டெக்கைச் சுத்தம் பண்ணு, மெதுவா ஓட்டு. இதுக்கெல்லாம் புது மோட்டார் எதுக்கு?

சரி, நம்மில் எத்தனை பேர் வீட்டில் லான் இருக்கு? வெட்டுற வேலை நிஜமா இருக்கிற இடம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்கள் மானாவாரியாகச் சாமை போடுகிறார்கள். சரிவான சின்ன நிலங்கள். பெரிய அறுவடை மெஷினைக் கொண்டுபோவது கஷ்டம். குனிந்து அரிவாளால்தான் அறுக்கணும்.

நம்ம அதிவேக பிளேடை அங்கே கொண்டுபோனா? முற்றிய கதிரில் அடி பட்டால் மணி உதிரும். அரிவாள் எப்படி ஜெயிக்குது? ஒரு கை தாளைப் பிடிக்குது, கருக்கரிவாளின் பல் இழுத்து அறுக்குது. பிடிமானம் இருந்தால் வேகம் தேவையில்லை. அதையே மெஷினில் செய்வது கத்தரிக்கோல் மாதிரி இருபக்கமும் ஓடும் கட்டர் பார். குறைந்த வேகமே அதற்குப் போதும்.

"ஐஓடி இல்லாம மார்க் வருமா?" பயம் நியாயம்தான், எனக்கும் இருந்துச்சு. ஆனா ஒரு சதுர மீட்டரில் எத்தனை மணி உதிர்ந்தது என்று எண்ணிக் காட்டினால், அதுவும் டேட்டாதான்.

ஜூனியர்களே, ஆப் அப்புறம் பண்ணிக்கலாம். முதலில் மலை ஏறி, அறுக்கிறவங்க கையைப் பாருங்க. அவங்க முதுகு வலி கொஞ்சம் குறைஞ்சா, அதைவிடப் பெரிய ரிவ்யூ வேற இல்லை.