குற்றப் பத்திரிகை எங்கே?

சென்ற மாதம் ஒரு காதணி விழாவுக்காக நாம் சிங்கப்பூர் போயிருந்தோம். ஜோகூர் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று, பஸ் மாறி, ரயில் மாறி, கிளமெண்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே நமக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் இருக்கிறார். வாலிபத்தில் நம் தோட்டத்தில் பால் வெட்டியவர். பிறகு ஜூரோங் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய், அங்கேயே பிரஜையாகி, அடுக்கு மாடியில் சொந்த வீடும் வாங்கிவிட்டார். லயத்து வீட்டில் பிறந்தவர் பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கிறார் என்றால் நமக்கும் பெருமைதானே!

மறுநாள் காலை கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நம் பையில் இருந்த இந்தப் பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். 1963-ல் சிங்கப்பூரில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களைப் பற்றி அதில் நாலு வரிக் குறிப்பு ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“இதெல்லாம் எதுக்குத் தம்பி இப்போ? அறுபது வருஷத்துக் கதை. அவனுங்க கம்யூனிஸ்டுங்க. நம்ம ஆளுங்களும் இல்ல. அவனுங்கள உள்ள போட்டதாலதான் இந்த ஊரு நிமிர்ந்து நிக்குது. வீட்டைப் பாரு, ரயிலைப் பாரு!”

நாம் கோப்பியைக் குடித்தோம். பெரியவர் முகத்துக்கு எதிரே வாயாடும் பழக்கம் நமக்கு இல்லை. ஆனால் பேனா இருக்கிறதே! அவரைப் போலவே எண்ணுகிறவர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள், நம் ஆபீஸ் மேசைகளிலும் இருக்கிறார்கள். ஆகையால் எழுதுகிறோம்.

முதலில் ஒரு தோட்டத்துச் சங்கதி. சில வருஷங்களுக்கு முன்பு நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தில், பால் வெட்டும் ஓர் அம்மாள் மீது திருட்டுப் பழி விழுந்தது. அவர் பையில் ஒட்டுப்பால் இருந்ததாக மண்டோர் சொன்னார். துரை நம்மைக் கூப்பிட்டுக் கடிதம் அடிக்கச் சொன்னார். இன்ன தேதி, இன்ன நிரை, இத்தனை கிலோ, இதற்கு உன் பதில் என்ன என்று நம் கையாலேயே அடித்தோம். அதற்குள் துரைக்கு வேறு யோசனை வந்தது. “விசாரணையெல்லாம் வேண்டாம். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி வாங்கு, நாளைக்கே பெரட்டுக்கு வரட்டும்” என்றார். அதையும் நாமே அடித்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: “போட்டு விடுங்கம்மா, இரண்டு வரிதானே” என்று புத்தி சொன்னதும் நாமேதான். அந்த அம்மாள் பேனாவைத் தொடவில்லை.

“எடுக்காத பாலுக்கு நான் ஏன் கிராணியாரே மன்னிப்புக் கேக்கணும்? கேட்டா எடுத்ததா ஆயிடுமே!”

விசாரணை நடந்தது. சங்கத்துப் பிரதிநிதி பக்கத்தில் உட்கார்ந்தார். மண்டோர் காலையில் சொன்ன நிரை வேறு, மத்தியானம் சொன்ன நிரை வேறு. வழக்கு விழுந்தது. அந்த அம்மாள் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். பிடித்து வைத்த சம்பளமும் வந்தது. எல்லாம் ஒரு வாரத்துக்குள்.

இது யாரும் போட்ட பிச்சை அல்ல. மலேசியாவின் 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டம் 14-ஆவது பிரிவு சொல்கிறது: தவறு செய்தான் என்று தொழிலாளியை நீக்குவதானால் முறையான விசாரணைக்குப் பிறகே நீக்க வேண்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம்; ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. அந்த ஒரு வாரத்துக்கும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் நிலைக்காவிட்டால் மீதியையும் கொடுத்துவிட வேண்டும். ஒரு பை ஒட்டுப்பாலுக்கு இவ்வளவு நியாயம் இருக்கிறது, தோழர்களே!

இப்பொழுது டாக்டர் லிம் ஹோக் சியூவின் கணக்கைப் பாருங்கள். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், பாரிசான் சோசியாலிஸ் கட்சிக்காரர். 1963 பிப்ரவரி 2-ஆம் தேதி விடியுமுன் கைதானார். பிரிட்டிஷ், மலாயா, சிங்கப்பூர் ஆகிய மூன்று சர்க்கார்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்து, ‘குளிர்பதனக் கிடங்கு’ என்று பொருள்படும் ‘கோல்டு ஸ்டோர்’ என்ற பெயரில் நடத்திய வேட்டை அது. இறைச்சியை அடைப்பது போல மனிதரை அடைப்பதற்குப் பொருத்தமான பெயர்தான்! நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த வலையில் விழுந்தார்கள். கட்சிக்காரர்கள், சங்கத் தலைவர்கள், மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள். டாக்டர் லிம் வெளியே வந்த தேதி 1982 செப்டம்பர் 6. பத்தொன்பது வருஷமும் ஏழு மாதமும்! கடைசி நாலு வருஷம் தேக்கோங் தீவில். இத்தனை காலத்தில் ஒரு கோர்ட்டாவது அவர் மீதான குற்ற வழக்கைக் கேட்டதா? இல்லை. கேட்பதற்கு வழக்கே போடவில்லை.

அவரிடமும் கடிதம் கேட்டார்கள். சர்க்காரை ஆதரித்து ஓர் அறிக்கை கொடு, போகலாம் என்றார்கள். மறுத்தார். மறுத்த விவரத்தை 1972 மார்ச்சில் மனைவி மூலம் வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகும் பத்து வருஷம் உள்ளேதான்.

கிளமெண்டியில் மேற்கே போகும் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ஜூரோங் ஈஸ்ட். அந்த ஜூரோங்கின் ஜனங்கள் 1963 தேர்தலில் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் சியா தாய் போ, நன்யாங் பல்கலைக்கழகத்துப் பௌதிக விரிவுரையாளர். 1966 அக்டோபர் 29-ல் பிடித்தார்கள். 1989 மே மாதம் வரை சிறை. பிறகு விடுதலை என்று சொல்லிச் செந்தோசா தீவில் ஒரு காவல் வீட்டில் வைத்தார்கள். சுதந்திர மனிதனாயிற்றே என்று அந்த வீட்டுக்கு அவரிடமே வாடகை கேட்டார்கள்! கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 1998 நவம்பரில். ஆக முப்பத்திரண்டு வருஷம். அவரிடம் கேட்ட கடிதம் எது தெரியுமா? வன்முறையைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடு என்பதுதான். கைவிடுகிறேன் என்றால் முன்பு கையில் வைத்திருந்தேன் என்றாகிவிடும், ஆகையால் எழுத மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். நம் தோட்டத்து அம்மாள் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் அவர் சொன்னதையேதான் இவரும் சொன்னார்.

பெரியப்பா சொன்னதற்கு வருவோம். கம்யூனிஸ்டுகள் என்கிறார். காட்டில் துப்பாக்கி ஏந்திய கட்சி ஒன்று இருந்தது உண்மை. தோட்டங்களில் ரத்தம் சிந்தியதும் உண்மை. நம் தாத்தாமார் அதை இரண்டு பக்கத்திலிருந்தும் அனுபவித்தவர்கள். பிடிபட்டவர்களில் ஒரு சிலருக்கு அந்தக் கட்சியோடு தொடர்பு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். யார் அந்தச் சிலர்? யார் அல்ல? சாட்சியைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நிறுத்தவில்லை. அதனால்தான் பிரிட்டிஷ் ரகசியக் கடிதங்கள் வெளியான பிறகும் சரித்திரப் பேராசிரியர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்பது சட்டத்தின் பாலபாடம். குற்றமே சாட்டப்படாதவனுக்கு எந்தப் பலனும் இல்லை போலும்!

கிளமெண்டி ரோடுக்கு முன்னாளில் ரிபார்மேட்டரி ரோடு என்று பெயர். தவறு செய்த சிறுவர்களை வைத்துத் திருத்தும் பள்ளி அந்தப் பக்கம் இருந்தது. தேங்காய் திருடிய பையனைக்கூட மாஜிஸ்ட்ரேட்டு முன் நிறுத்தி, இன்ன குற்றம், இத்தனை காலம் என்று எழுதித்தான் வெள்ளைக்காரன் அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. டாக்டருக்கும் விரிவுரையாளருக்கும் அந்தப் பையனுக்குக் கிடைத்த யோகம் கிடைக்கவில்லை.

நம்ம ஆளுங்க இல்லை என்கிறார். எப்படி ஐயா இல்லை? ஜேம்ஸ் புதுச்சேரி, அவர் தம்பி டாமினிக் புதுச்சேரி, கடற்படைத் தளத் தொழிலாளர்களைத் திரட்டிய உட்ஹல், எல்லோரும் 1963-ல் பிடிபட்டவர்கள். அதே வருஷம் அக்டோபரில் சிங்கப்பூர்த் தொழிற்சங்கங்களின் சம்மேளனத் தலைவர் எஸ். டி. பானி கைதானார், சம்மேளனத்துக்குப் பதிவும் இல்லாமல் போனது. நம் பக்கம் வந்தால், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிட்டது அதே அவசரகாலச் சட்டங்களின் காலத்தில்தான். அவசரம் தீர்ந்தது. சட்டம் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஒன்று, பெரியப்பா: ஒருவர்கூடத் தமிழராக இல்லாவிட்டாலும் நாம் இதை எழுதத்தான் செய்வோம். சீனத் தோழனை உள்ளே தள்ளும் கதவு, தமிழனைப் பார்த்ததும் தானாகச் சாத்திக்கொள்ளுமா?

நெஞ்சைச் சுடும் இன்னொரு விஷயம் உண்டு. 1959 மே மாதம் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43-ஐ வென்றது. சிறையில் இருக்கும் நம் தோழர்களை விட்டால்தான் பதவி ஏற்போம் என்று திரு. லீ குவான் யூ கண்டிப்பாகச் சொன்னார். நல்ல வார்த்தை! ஜூன் 4-ல் எட்டுப் பேர் வெளியே வந்தார்கள். லிம் சின் சியோங், ஃபோங் ஸ்வீ சுவான், ஜேம்ஸ் புதுச்சேரி, உட்ஹல், தேவன் நாயர் முதலானோர். நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இவர்களில் முதல் நால்வரும் அதே சட்டத்தில் மறுபடி உள்ளே. தேவன் நாயர் சர்க்கார் பக்கம் நின்றார். 1981-ல் குடியரசின் அதிபரானார். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கொடுங்கோலாகத் தெரிந்த சட்டம், நாற்காலியில் உட்கார்ந்ததும் செங்கோலாகிவிடுகிறது. இது ஒரு கட்சியின் வியாதி அல்ல, எல்லாக் கட்சிக்கும் தொற்றும்.

பழங்கதை என்ற பேச்சு 1987-ஐ மறந்த பேச்சு. அந்த வருஷம் மே, ஜூன் மாதங்களில் சிங்கப்பூரில் இருபத்திரண்டு பேரைப் பிடித்தார்கள். தேவாலயச் சமூக ஊழியர்கள், வக்கீல்கள், நாடகக்காரர்கள். மார்க்சிய சதி என்றார்கள். அயல்நாட்டு வீட்டு வேலைக்காரப் பெண்களின் குறை கேட்டவர்களும் அதில் உண்டு. வக்கீல் தியோ சோ லுங் உள்ளிட்ட நால்வர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1988 டிசம்பரில் மேல்முறையீட்டுக் கோர்ட்டு அவர்களை விடுவித்தது. சர்க்காரின் காரணத்தைக் கோர்ட்டு பரிசோதிக்கலாம் என்றும் சொன்னது. நடந்தது என்ன? விட்ட கையோடு திரும்பப் பிடித்தார்கள். அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்தி, கோர்ட்டு அப்படிப் பரிசோதிக்கக் கூடாது என்று கதவை ஆணியடித்தார்கள். விசாரணையில் தொழிலாளி ஜெயித்தால் விசாரணையையே எடுத்துவிடுவது! எந்தத் துரையும் இந்த அளவு துணிந்ததாக நாம் அறியோம்.

அக்கரையை மட்டும் ஏசிவிட்டு நம் கொல்லையை மறைக்க மாட்டோம். 1987 அக்டோபரில் ‘லாலாங்’ வேட்டையில் மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டும் அதில் ஒருவர். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங் முகாமில் அடைத்தார்கள். அவர்களில் திரு. மனோகரன் முகாமுக்குள் இருந்தபடியே 2008 தேர்தலில் கோத்தா ஆலம் ஷா தொகுதியை வென்றார். அந்தச் சட்டம் 2012-ல் ஒழிந்தது. அப்பாடா என்றோம். அந்த இடத்தில் ‘சோஸ்மா’ வந்து உட்கார்ந்தது: இருபத்தெட்டு நாள் வரை போலீஸ் காவல். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சம்பந்தம் என்று பன்னிரண்டு பேரை அதில் பிடித்தார்கள். இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் உண்டு. 2020 பிப்ரவரியில் வழக்கு வேண்டாமென்று சட்டத் துறைத் தலைவரே கைவிட்டார். போன மாதங்களுக்குப் பாதிச் சம்பளம் யார் கொடுத்தது?

சிங்கப்பூரில் பழைய சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. இரண்டு வருஷக் காவல், வேண்டுமானால் மேலும் இரண்டு, அதற்கு மேலும் இரண்டு. ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அது கூடுவது பூட்டிய கதவுக்குள். இப்பொழுது பயங்கரவாதச் சந்தேகத்துக்குத்தான் பயன்படுத்துகிறோம் என்கிறார்கள். குண்டு வைக்க நினைப்பவனைப் பிடிக்க வேண்டாம் என்று நாமா சொன்னோம்? பிடியுங்கள், கோர்ட்டில் காட்டுங்கள். 2011-ல் பழைய கைதிகள் பதினாறு பேர் சேர்ந்து, சட்டத்தை ஒழியுங்கள், எங்கள் மீது சொன்னதை ஒரு விசாரணைக் கமிஷன் முன் நிரூபியுங்கள் என்று கேட்டார்கள். சர்க்கார் மறுத்துவிட்டது. டாக்டர் லிம் 2012-ல் காலமானார், கேட்டது கிடைக்காமலே.

வீட்டைப் பார், ரயிலைப் பார் என்றார் பெரியப்பா. பார்த்தோம். நல்ல வீடு, நல்ல ரயில். அந்த வீட்டுக் கடனைத் தீர்த்தது கப்பல் பட்டறையில் அவர் செய்த ராத்திரி ஷிப்டு. தேக்கோங் தீவில் ஒரு டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்ததால் எந்தச் செங்கல் ஏறியது என்று யாராவது விளக்கினால் நன்றாயிருக்கும். அவர் வெளியே வைத்தியம் பார்த்திருந்தால் வீடு இடிந்திருக்குமா?

வருகிற கிளைக் கூட்டத்தில் நாம் கொண்டு வரும் தீர்மானம் இது. ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கே எழுந்து பேசலாம். பேச்சுக்காக யாரையும் பூட்டி வைக்கமாட்டோம்.

“1963-லும் 1987-லும் சிங்கப்பூரில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் மீது சொல்லப்பட்டவற்றைப் பகிரங்க விசாரணைக் கமிஷன் முன் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை இக்கிளை ஆதரிக்கிறது. சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும், மலேசியாவின் சோஸ்மாவில் உள்ள இருபத்தெட்டு நாள் காவலையும் நீக்குமாறு கோருகிறது. இத்தீர்மானத்தின் நகல் மனிதவள மந்திரிக்கும், அக்கரைச் சங்கத் தோழர்களுக்கும் அனுப்பப்படும்.”

தட்டச்சு செய்தாகிவிட்டது. முன்மொழிபவர் இடத்தில் நம் கையெழுத்து இருக்கிறது. வழிமொழிய அந்த அம்மாளைக் கேட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டு முடிந்து வந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.