ஒரே பாட்டு, இரண்டு கைகள்



எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் சகோதரிகள் இருவர் ஒரே அறையில் தையல் மெஷின் மிதித்து வந்தனர். மூத்தவளுக்கு ரேடியோ பாடாவிட்டால் கால் ஓடாது. இளையவளுக்கோ பாடினால் தையல் கோணும். பிரித்துத் தைப்பதிலேயே பாதிப் பொழுது கழியும். "ராத்தாவைப் பார், நீ கைவேலைக்கு உதவாதவள்" என்று உம்மா அவளை ஏசுவார். அந்த ஏச்சு நியாயந்தானா? இசை ஆகுமா ஆகாதா என்னும் மார்க்க வினாவை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறேன். வேலைக்கு அது துணையா, தடையா என்பதே இங்குப் பேச்சு.

துணை என்பதற்குப் பழைய சான்றொன்று உண்டு. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் அரங்கில் அந்நாளில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடைபெற்று வந்தது. அங்குப் பேண்டு வாத்தியம் முழங்கிய பொழுதையும் ஓய்ந்த பொழுதையும் லெனார்டு அயர்ஸ் என்பவர் ஒப்பிட்டு, 1911இல் வெளியிட்டார். முழங்கியபோது சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், ஓய்ந்தபோது 17.9 மைல். கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் அதில் பங்கிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், ஒரே சீராக மிதிக்கும் வேலைக்குத் தாளம் கைகொடுக்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் ஒப்புகின்றன.

ஆனால், மனிதரெல்லாம் ஒரே வார்ப்பு அல்லரே! லண்டனில் பணியாற்றிய உளவியலறிஞர் ஹான்ஸ் ஐசென்க், 1967இல் வெளியான தம் நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். தனிமை நாடும் அகமுகரின் மூளை இயல்பிலேயே விழிப்பு மிகுந்தது. கலகலப்பை நாடும் புறமுகருக்கோ அவ்விழிப்பு வெளியிலிருந்து வந்தாக வேண்டும் என்றார். நாவில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் அகமுகர்க்கே எச்சில் மிகுதியாக ஊறுவதைக் கூட ஆய்வாளர் அளந்து காட்டினர். முக்கால் குடம் நிறைந்திருக்கும்போது மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

1984இல் அமெரிக்க அறிஞர் ரசல் கீன், பாடம் நெட்டுருச் செய்வோரிடம் இரைச்சலின் அளவை அவர்களே தேர்ந்துகொள்ளும்படி விட்டார். அகமுகர் குறைவாகவும் புறமுகர் மிகுதியாகவும் வைத்துக்கொண்டனர். இரு சாராரும் நன்றாகவே கற்றனர். ஒருவர் அளவை மற்றவர்க்கு மாற்றி வைத்தபோது இரு சாராரும் பின்தங்கினர். இதைப் படித்தபோது என் நெஞ்சு சுருக்கென்றது. எங்கள் மதரஸாவில் எல்லாப் பிள்ளைகளும் உரத்து ஓதிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் தூண் மறைவுக்குப் போய்விடுவான். அவனை எத்தனை முறை அதட்டி இழுத்து வந்து நடுவில் அமர்த்தியிருக்கிறேன்!

இவ்வேறுபாடு எல்லா ஆய்வுகளிலும் தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவனம் வேண்டாத வேலையில் அது மங்கிவிடக் கூடும். அச்சகோதரிகளின் மடியை ஒருநாள் உற்றுப் பார்த்தேன். மூத்தவள் தைத்தது தலையணை உறை, நேர்த்தையல். இளையவளிடம் இருந்ததோ குழந்தைச் சட்டையின் கழுத்து வளைவு. சுபாவமும் வேறு, வேலையும் வேறு. ரேடியோ மட்டும் ஒன்று!

இப்போது இளையவளின் மெஷின் பின்கட்டு அறைக்குப் போய்விட்டது. பிரித்துத் தைக்கும் வேலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. உம்மாவின் ஏச்சு குறையவில்லை. "ராத்தாவோடு ஒட்டாமல் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்" என்பது புதிய குறை.